அறிவது வேறு, செய்வது வேறு
(நலவாழ்வுப் பழக்கங்களும் உளவியல் கொள்கைகளும்)

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல் துறை

புகை பிடித்தால் நுரையீரல் கெடும் என்பதை அறியாதவர் இன்று நம் ஊர்களில் இல்லை. புகையிலைப் பொட்டலங்களின்மேல் எச்சரிக்கைப் படம் அச்சிட வேண்டும் என்ற விதி 2009-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நடைமுறைக்கு வந்தது. 2016-ஆம் ஆண்டு முதல் அந்தப் படம் பொட்டலத்தின் முகப்பில் 85 விழுக்காட்டு இடத்தை அடைத்துக் கொண்டிருக்க வேண்டும் என்று ஆயிற்று. எழுத்தறியாதவரும் அந்தப் படத்தின் பொருளைப் புரிந்து கொள்கிறார். புரிந்து கொண்டே பொட்டலத்தைப் பிரிக்கிறார்.

அறியாமைதான் நோய்க்கெல்லாம் தாய், அறிவைப் பரப்பினால் நோய் தானே ஒழியும் என்று பள்ளி நாள்களிலிருந்தே கட்டுரைப் போட்டிகளில் நாம் எழுதி வருகிறோம். அக்கருத்தில் பாதிதான் உண்மை. அறிவதற்கும் செய்வதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் என்ன கிடக்கிறது என்பதை உளவியல் அறிஞர்கள் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வருகிறார்கள்.

நான் விலங்கியல் பயிலும் மாணவன். உளவியல் எனக்குப் பாடமன்று. என் தந்தைக்குக் காசநோய் கண்டபோது, ஆறு மாதம் ஒருநாள் தவறாமல் மருந்து உண்ண வேண்டிய கட்டாயம் எங்கள் வீட்டிற்கு வந்தது. நோய்க் கிருமியைப் பற்றி என் பாடநூல் நிறையச் சொன்னது. மருந்தை விழுங்க வேண்டிய மனிதரைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் எனக்கு விளங்கியவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

வண்டி வந்தது, மக்கள் வரவில்லை

இத்துறையின் முதல் கொள்கை பிறந்ததே காசநோயை ஒட்டித்தான். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் மார்பை எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் வண்டிகளை மக்கள் வாழும் இடங்களுக்கே அனுப்பி வைத்தனர். கட்டணம் கிடையாது, தொலைவும் இல்லை. அப்படியும் எதிர்பார்த்த அளவு மக்கள் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கண்டறியும் பொறுப்பு அத்துறையில் பணியாற்றிய உளவியல் அறிஞர்களிடம் வந்தது.

அவர்களுள் ஒருவரான காட்பிரே ஹாக்பாம் என்பவர் பாஸ்டன், கிளீவ்லாந்து, டெட்ராய்ட் ஆகிய மூன்று நகரங்களில் 1,200-க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்துப் பேசினார். அவர் இரண்டு எண்ணங்களைத் தேடினார். ‘இந்த நோய் எனக்கும் வரக்கூடும்’ என்பது ஒன்று. ‘முன்னதாகக் கண்டுபிடித்தால் எனக்கு நன்மை உண்டு’ என்பது மற்றொன்று. இவ்விரண்டு எண்ணமும் உடையவர்களில் 82 விழுக்காட்டினர் தாமாக முன்வந்து ஒரு முறையேனும் படம் எடுத்துக் கொண்டிருந்தனர். இரண்டும் இல்லாதவர்களில் அவ்வாறு செய்தவர்கள் 21 விழுக்காட்டினரே.

இதன் அடிப்படையில் ஹாக்பாம், ரோசன்ஸ்டாக், லெவந்தால், கெகெல்ஸ் ஆகியோர் வகுத்ததை நலவாழ்வு நம்பிக்கைக் கொள்கை எனலாம். ஒருவர் தம் உடல்நலத்திற்காக ஒன்றைச் செய்வதற்கு முன் அவர் மனத்தில் ஒரு தராசு ஆடுகிறது என்கிறது இக்கொள்கை. நோய் எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு கொடியது, இதைச் செய்தால் என்ன பயன் என்னும் எண்ணங்கள் ஒரு தட்டில் இருக்கின்றன. இதைச் செய்வதில் உள்ள தொல்லைகள் மறு தட்டில் இருக்கின்றன. பணம், நேரம், வலி, வெட்கம் எல்லாம் தொல்லைகளே. இவற்றோடு ஒரு தூண்டுதலும் வேண்டும். அண்டை வீட்டாரின் மரணமாகவோ, வானொலியில் கேட்ட ஒரு சொல்லாகவோ அது இருக்கலாம்.

இங்கு நாம் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தராசில் நிற்பது மருத்துவர் அறிந்த உண்மை அன்று. நோயாளி நம்புகின்ற உண்மை. இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் சிகிச்சை நின்று போகிறது.

காசநோயையே எடுத்துக் கொள்வோம். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோய்க்கு நம் நாட்டில் முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகளும் அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளும் தரப்படுகின்றன. விரைவாகப் பெருகும் கிருமிகள் முதல் வாரங்களிலேயே பெரும்பாலும் மடிந்து விடுகின்றன. இருமல் தணிகிறது, பசி எடுக்கிறது, உடல் தேறுகிறது. ஆனால் மிக மெதுவாக இயங்கும் கிருமிகள் சில உள்ளே தங்கியிருக்கின்றன. அவற்றை ஒழிக்கத்தான் எஞ்சிய மாதங்கள். இடையில் நிறுத்தினால் அவை மீண்டும் பெருகும். மருந்தை விட்டு விட்டு உண்டால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தலையெடுக்கவும் இடம் உண்டு.

நோயாளியின் தராசில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இரண்டாம் மாத இறுதியில் ‘நோய் கொடியது’ என்ற எண்ணம் இளைத்து விடுகிறது. மாத்திரையால் வரும் குமட்டலும் மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் இழக்கும் கூலியும் அப்படியே இருக்கின்றன. தட்டு தாழ்ந்து விடுகிறது. மருந்தை நிறுத்தும் மனிதரை மூடர் என்று சொல்ல இதில் இடமே இல்லை. தமக்குத் தெரிந்த கணக்கை அவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

அச்சம் எவ்வளவு தூரம் பயன்படும்?

பயமுறுத்தினால் திருந்துவார்கள் என்பது நம்மிடையே வழங்கும் நம்பிக்கை. சுவரொட்டிகளில் மண்டையோடு வரைவது இதனால்தான். இதை ஓவார்டு லெவந்தாலும் அவருடைய துணைவர்களும் யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தனர். அவ்வாய்வு 1965-ஆம் ஆண்டு வெளிவந்தது.

இரண ஜன்னியைப் பற்றிய சிறு நூல்களை அவர்கள் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்தனர். ஒரு சாராரின் நூலில் நோயின் கொடுமை அஞ்சத்தக்க வகையில் விளக்கப்பட்டிருந்தது. மற்றொரு சாராரின் நூலில் செய்தி அமைதியாகச் சொல்லப்பட்டிருந்தது. கொடூரமாகச் சொல்லப்பட்டவர்கள் மிகவும் அஞ்சினர். தடுப்பூசி நல்லது என்று கூறினர்; போட்டுக் கொள்வதாகவும் சொன்னார்கள். ஆனால் ஊசி போட்டுக் கொண்டவர்களை எண்ணிப் பார்த்தபோது, அச்சத்தின் அளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

வேறுபாட்டை உண்டாக்கியது மற்றொன்று. மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு நூலோடு பல்கலைக்கழக வளாகத்தின் வரைபடமும் தரப்பட்டது. அதில் மருத்துவ நிலையம் வட்டமிட்டுக் காட்டப்பட்டிருந்தது. அவரவர் வகுப்பு அட்டவணையைப் பார்த்து, எந்த நாளில் எந்த நேரத்தில் அங்கு போக முடியும் என்று முடிவு செய்யும்படி அவர்கள் கேட்டுக் கொள்ளப்பட்டனர். இவர்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் ஊசி போட்டுக் கொண்டனர். வரைபடமும் நேரமும் இல்லாதவர்களில் போட்டுக் கொண்டவர்கள் 3 விழுக்காட்டினரே. இவர்கள் அனைவரும் இறுதியாண்டு மாணவர்கள் என்பதை மறக்கக் கூடாது. மருத்துவ நிலையம் எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்கு முன்பே தெரியும்.

அக்கறை வேண்டும், அதனோடு கால் வைப்பதற்குப் படியும் வேண்டும் என்பதே இவ்வாய்வு தரும் பாடம். பிற்காலத்தில் செருமானிய நாட்டு உளவியல் அறிஞர் பீட்டர் கோல்விட்சர் இக்கருத்தை 1999-ஆம் ஆண்டில் விரிவாக விளக்கினார். ‘நாளை முதல் உடற்பயிற்சி செய்வேன்’ என்பது வெறும் விருப்பம். ‘காலையில் பால் வாங்கித் திரும்பியதும் ஏரிக்கரை வரை நடப்பேன்’ என்பது திட்டம். இன்னது நடந்தவுடன் இன்னதைச் செய்வேன் என்று முடிச்சுப் போட்டு வைத்தால், அந்த முதல் நிகழ்ச்சியே அடுத்ததை நினைவூட்டி விடுகிறது.

பாம்பும் தன்னம்பிக்கையும்

விலங்கியல் மாணவர்களுக்கு உவப்பான ஆய்வு ஒன்று உண்டு. கனடாவில் 1925-ஆம் ஆண்டு பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக விளங்கியவர் ஆல்பர்ட் பண்டூரா. 2021-ஆம் ஆண்டு மறைந்தார். பாம்பு என்றாலே நடுங்குபவர்களை வைத்து இவரும் இவருடைய துணைவர்களும் நடத்திய ஆய்வு 1969-ஆம் ஆண்டு வெளிவந்தது.

அச்சமுள்ளவர்களைப் பல குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவினர் பிறர் பாம்பைக் கையாளும் திரைப்படத்தைப் பார்த்தனர். ஒரு குழுவினர் உடலைத் தளர்த்தி அமைதியாக இருந்து பாம்பை மனத்தில் எண்ணிப் பழகினர். மற்றொரு குழுவினர், ஒருவர் நஞ்சற்ற பாம்பை நேரில் கையாள்வதைப் பார்த்து, பின்னர் அவர் துணையோடு தாமும் படிப்படியாகத் தொட்டுப் பழகினர். மூன்றாவதாகச் சொன்ன குழுவினரே மிகுந்த பயன் அடைந்தனர். அவர்களில் ஏறத்தாழ அனைவரும் அச்சத்தை வென்றனர்.

சாரைப் பாம்புக்கு நஞ்சில்லை என்பது நமக்குத் தெரியும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். வரப்பில் சாரை குறுக்கே வந்தால் நம்மில் எத்தனை பேர் அசையாமல் நிற்போம்? அறிவு குறையில்லை, ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைதான் குறை.

இந்நம்பிக்கைக்குப் பண்டூரா 1977-ஆம் ஆண்டில் ஒரு கொள்கை வடிவம் தந்தார். அதைத் தன்திறன் நம்பிக்கை என்று குறிப்பிடலாம். அது நான்கு ஊற்றுகளிலிருந்து சுரக்கிறது என்றார். தானே செய்து வெற்றி கண்ட அனுபவம் முதலாவது. அதுவே வலிமை மிக்கது. தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைக் காண்பது இரண்டாவது. ‘உன்னால் முடியும்’ என்று பிறர் ஊக்குவது மூன்றாவது. படபடப்பு, சோர்வு போன்ற தன் உடலின் குறிகளை ஒருவர் எப்படிப் பொருள் கொள்கிறார் என்பது நான்காவது. நாம் பிறருக்கு அறிவுரை கூறும்போது பெரும்பாலும் மூன்றாவதோடு நின்று விடுகிறோம்.

நலவாழ்வு நம்பிக்கைக் கொள்கையை வகுத்தவர்களுள் ஒருவரான ரோசன்ஸ்டாக்கும் அவருடைய துணைவர்களும் 1988-ஆம் ஆண்டில் இத்தன்திறன் நம்பிக்கையையும் தங்கள் கொள்கையோடு சேர்த்துக் கொள்ள வேண்டும் என்று எழுதினர்.

நாலு பேர் என்ன சொல்வார்கள்?

மனிதன் தனியாக முடிவு செய்வதில்லை. இதைக் கணக்கில் எடுத்துக் கொண்டவர்கள் மார்ட்டின் ஃபிஷ்பைன், ஐசக் ஐசன் என்னும் இருவர். 1975-ஆம் ஆண்டு அவர்கள் எழுதிய நூலில் இரண்டு காரணங்கள் வற்புறுத்தப்பட்டன. ஒரு செயலைப் பற்றி ஒருவர் கொண்டுள்ள மனப்பாங்கு ஒன்று. தமக்கு வேண்டியவர்கள் அதைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் மற்றொன்று. பின்னர் 1985-ஆம் ஆண்டில் ஐசன், ‘அது என் கையில் இருக்கிறதா?’ என்ற மூன்றாவது எண்ணத்தையும் சேர்த்துத் திட்டமிட்ட நடத்தைக் கொள்கையாக விரித்தார்.

நம் ஊர்களில் இரண்டாவது காரணத்தின் வலிமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சுமை தூக்குபவர்களிடையே ஒருவருக்கு ஒருவர் பீடி நீட்டுவது நட்பின் அடையாளம். வேண்டாம் என்றால் அது பீடியை மறுப்பதாக இராது. மனிதரை மறுப்பதாக எடுத்துக் கொள்ளப்படும். திருமணத்திற்குப் பெண் இருக்கும் வீட்டில் காசநோய் மாத்திரை அரிசிப் பானைக்குள் ஒளிந்து கொள்கிறது. தேநீர்க் கடையில் இருமுபவருக்குத் தனிக் குவளை வைப்பார்களோ என்ற அச்சத்தில், இருமலையே வெறும் சளி என்று சொல்லிக் கொள்பவர்கள் இருக்கிறார்கள். நோயைவிட ஊர்ப் பேச்சு கொடியதாகத் தோன்றும் இடத்தில் சுவரொட்டியால் என்ன செய்ய முடியும்?

படிப்படியாக மாற்றம்

ஜேம்ஸ் புரோசாஸ்கா, கார்லோ டிக்ளமெண்டி ஆகிய இருவரும் எவர் உதவியும் இன்றித் தாமே புகைப் பழக்கத்தை மாற்றிக் கொள்ள முயன்ற 872 பேரை ஆராய்ந்து 1983-ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். மாற்றம் என்பது ஒரே நாளில் நிகழ்வதன்று; அது பல நிலைகளைக் கடந்து செல்வது என்பது அவர்கள் கருத்து. எண்ணமே இல்லாத நிலை, எண்ணிப் பார்க்கும் நிலை, ஆயத்தம் செய்யும் நிலை, செயல் நிலை, நிலைநிறுத்தும் நிலை என்று இவை இன்று வகுத்துச் சொல்லப்படுகின்றன. வழுக்கி விழுந்தவர் மீண்டும் ஏறுவதும் இப்பாதையில் இயல்பே.

இந்நிலைகளின் எல்லைகள் செயற்கையானவை என்றும், முன்திட்டம் ஏதுமின்றித் திடீரெனப் பழக்கத்தை விட்டவர்களும் உண்டு என்றும் சில அறிஞர்கள் மறுத்துள்ளனர். எனினும் இக்கொள்கையால் ஒரு பயன் உண்டு. எண்ணமே இல்லாதவரிடம் ‘நாளைக்கே விடு’ என்று சொல்வதும், விட்டுவிட்டு ஒரு மாதமாகப் போராடிக் கொண்டிருப்பவரிடம் புகையின் தீமைகளைப் பட்டியலிடுவதும் வீண் என்பதை இது நமக்குக் காட்டுகிறது. எதிரில் இருப்பவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று கேட்ட பிறகே பேச வேண்டும்.

சென்னை தந்த பாடம்

இவை பெரும்பாலும் அமெரிக்காவில் பிறந்த கொள்கைகள். ஆனால் நோயாளி மருந்தை ஒழுங்காக உண்பாரா என்ற கேள்வியை உலகமே கவனிக்கும்படி செய்த ஆய்வுகளில் சில சென்னையில் நடந்தவை. 1956-ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் இன்றைய வடிவம்.

அக்காலத்தில் காசநோயாளி என்றால் சானடோரியத்தில் மாதக் கணக்கில் படுத்திருக்க வேண்டும். நல்ல உணவும் ஓய்வும் காற்றும் வேண்டும் என்பது மருத்துவ உலகின் நம்பிக்கை. ஏழை நாட்டில் அத்தனை படுக்கைகளுக்கு எங்கே போவது? ஆகவே 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரைத் தம் வீட்டிலும் வைத்து ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தனர். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான குடிசை, எளிய உணவு, போதிய ஓய்வும் இல்லை. அப்படியிருந்தும் இரு பிரிவினரின் பலனும் ஏறக்குறைய ஒத்திருந்தது என்று 1959-ஆம் ஆண்டு வெளியான அறிக்கை கூறியது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் தொற்றும் இடர் அதனால் மிகுதியாகவில்லை என்பதும் தெரிய வந்தது. சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது.

ஆனால் இதன் பொருள் என்ன? மருத்துவமனைச் செவிலியர் செய்து வந்த வேலை இனி நோயாளியின் கைக்கு வந்தது. அம்மையத்தில் பணியாற்றிய டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் இச்சிக்கலை அப்போதே உணர்ந்திருந்தார். முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். மருந்தைத் தாமாக உண்பது என்பது நாம் நினைப்பதுபோல் எளிதன்று என்பது புலப்பட்டது. எனவே வாரம் இருமுறை பணியாளர் முன்னிலையில் மருந்து கொடுக்கும் முறையையும் 1960-களில் அங்கேயே ஆராய்ந்தனர். 1997-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு இத்தகைய ஆய்வுகளே வேர்.

எங்கள் வீட்டில் ஆறு மாதம்

என் தந்தை மண்டியில் மூட்டை தூக்குபவர்; அதற்கு முன்பு வயல் வேலை செய்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருடைய சிகிச்சையில் மேற்கண்ட கொள்கைகளை நான் எங்கெங்கே கண்டேன் என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

ரிஃபாம்பிசின் என்னும் மருந்து சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், இரத்தம் போகிறது என்று அஞ்சி முதல் வாரத்திலேயே மருந்தை விட்டு விடுவார்கள். சுகாதார நிலையத்துச் செவிலியர் முதல் நாளே, “சிறுநீர் நிறம் மாறுமுங்க ஐயா. அப்படி மாறினா மருந்து உள்ளே போயிருக்குன்னு அர்த்தம்” என்று சொல்லி அனுப்பினார். மறுநாள் நிறம் மாறியபோது என் தந்தை அஞ்சவில்லை. மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்ந்தார். உடலின் குறியை ஒருவர் எப்படிப் பொருள் கொள்கிறார் என்று பண்டூரா சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் எந்த நூலிலும் காணவில்லை.

இரண்டாம் மாத இறுதியில் நான் அஞ்சிய கேள்வி வந்தது. “இருமல்தான் நின்னு போச்சே, இன்னும் எதுக்குடா இது?” என்றார். மெதுவாக இயங்கும் கிருமிகளைப் பற்றி வகுப்பில் படித்ததை அவரிடம் எப்படிச் சொல்வது? “கோரையை மேலே அறுத்துட்டா வயல் சுத்தமாயிடுமாப்பா?” என்று கேட்டேன். “அது எப்படி ஆகும்? கிழங்கு உள்ளே கிடக்குமே, ஒரு மழை போதுமே” என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. நோயின் கடுமையைப் பற்றிய எண்ணம் அன்று அவர் தராசில் மீண்டும் ஏறியது.

மாத்திரைக்கு நேரமும் குறித்தோம். காலையில் பல் துலக்கியவுடன், தேநீருக்கு முன். எங்கள் வீட்டு நாள்காட்டியில் தாளைக் கிழிக்கும் வேலை என் தங்கையுடையது. அப்பா மாத்திரையை விழுங்கிய பிறகே அவள் தாளைக் கிழிப்பாள். ஒருநாள் காலையில் அவர் மறந்து மண்டிக்குப் புறப்பட்டபோது, “அப்பா, இன்னும் நேத்துத் தேதியே நிக்குது” என்று வாசலில் நின்று குரல் கொடுத்தாள். தாளைக் கிழிப்பதும் மாத்திரை விழுங்குவதும் ஒரே முடிச்சாகி விட்டன.

அதே மண்டியில் மூன்று ஆண்டுகளுக்கு முன் சிகிச்சையை முடித்த ஒருவர் இருக்கிறார். அவர் இப்போது முழு மூட்டையைத் தூக்குகிறார். எங்கள் அறிவுரைகள் அனைத்தையும்விட அந்தக் காட்சி என் தந்தைக்குத் தெம்பு தந்தது.

ஆறாம் மாத முடிவில் சளியில் கிருமி இல்லை என்ற முடிவு வந்தது. ஆனால் பீடி இன்னும் முழுமையாக நிற்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு கட்டு என்றிருந்தது ஐந்தாகியிருக்கிறது. புரோசாஸ்காவின் படிகளில் அவர் எங்கே நிற்கிறார் என்று நான் அவ்வப்போது எண்ணிப் பார்க்கிறேன். மண்டியில் பீடி நீட்டும் கைகள் இருக்கும்வரை அந்தப் படி அவர் ஒருவரால் மட்டும் ஏறக் கூடியதன்று.

கொள்கைகளின் எல்லை

இக்கொள்கைகளைப் படிக்கும்போது ஓர் ஆபத்தும் உண்டு. எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது, நோயாளி மனம் வைத்தால் போதும் என்று நினைத்து விடுவோம். அது தவறு என்று காட்டிய ஆய்வு ஒன்று நம் அண்டை மாநிலத்தில் நடந்தது. பெங்களூரில் 1959-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசியக் காசநோய் நிலையத்தைச் சேர்ந்த பானர்ஜி, ஆண்டர்சன் ஆகிய இருவரும் தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் காசநோயாளிகளைச் சந்தித்து ஆராய்ந்தனர். அவ்வாய்வு 1963-ஆம் ஆண்டு வெளிவந்தது.

கிராமத்தார் அறியாமையில் மூழ்கி நோயைக் கவனிக்காமல் இருப்பார்கள் என்ற எண்ணத்திற்கு மாறாக, நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் நோய்க்குறிகளை உணர்ந்திருந்தனர். பாதிக்கு மேற்பட்டவர்கள் மருத்துவ நிலையங்களை நாடியும் சென்றிருந்தனர். அங்கே அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது இருமல் மருந்துப் புட்டிதான். அவர்கள் மனத்தில் குறை இல்லை. மருத்துவம் அவர்கள் வந்தபோது ஆயத்தமாக இல்லை.

இவ்வுண்மைக்கும் இடம் தரும் வகையில் சூசன் மிச்சியும் அவருடைய துணைவர்களும் அதற்கு முன்பிருந்த 19 வகுப்பு முறைகளை ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டில் ஓர் எளிய சட்டகத்தை வெளியிட்டனர். எந்தப் பழக்கம் மாறுவதற்கும் திறன், வாய்ப்பு, ஊக்கம் ஆகிய மூன்றும் வேண்டும் என்பது அது. வாய்ப்பு என்பது மனத்திற்கு வெளியே இருப்பது. பேருந்து வருவது, கூலி கிடைப்பது, மருந்து தீராமல் இருப்பது எல்லாம் அதில் அடங்கும்.

அரசின் திட்டங்கள் சிலவற்றை இக்கண்கொண்டு பார்த்தால் அவற்றின் பொருள் விளங்கும். 2018-ஆம் ஆண்டு முதல் காசநோயாளிகளுக்குச் சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்குமான மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன. மாத்திரைக்காக ஒருநாள் கூலியை இழக்கும் பாட்டியிடம் ‘உன் உடம்பை நீதான் பார்த்துக் கொள்ள வேண்டும்’ என்று சொல்வதைவிட, மாத்திரையை அவர் திண்ணையில் கொண்டு போய்க் கொடுப்பது பயனுள்ளது. தராசின் ஒரு தட்டில் அறிவுரையை ஏற்றுவதோடு, மறு தட்டில் இருக்கும் கல்லையும் இறக்க வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

நம் கல்லூரி மாணவர்கள் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது, மருத்துவமனைக்கு உடன் செல்வது, மருத்துவர் சொன்னதை வீட்டில் விளக்குவது எல்லாம் நம் வேலையே. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்கும் செல்கிறோம். ஊர்வலம் போகிறோம், சுவரில் வாசகம் எழுதுகிறோம். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு சில கேள்விகளையும் கொண்டு செல்லலாம் என்பது என் கருத்து.

இந்நோயைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? இதைச் செய்வதில் உங்களுக்கு என்ன தொல்லை? உங்களைப் போன்றவர் எவராவது இதைச் செய்து முடித்திருக்கிறாரா? நாளைக் காலையில் எந்த வேலையை முடித்ததும் இதைச் செய்வீர்கள்? இந்நான்கு கேள்விகளைக் கேட்டுவிட்டு, வரும் விடைகளைப் பொறுமையோடு கேட்டால் போதும். விடைகளில் பாதி அவர் மாற்றிக் கொள்ளக் கூடியவையாக இருக்கும். எஞ்சிய பாதி, பேருந்தும் கூலியும் மருந்தும் போல, நாமும் ஊராரும் அரசும் சேர்ந்து மாற்ற வேண்டியவையாக இருக்கும். இந்த இரண்டையும் பிரித்தறிந்து, அதனதன் இடத்தில் முயலக் கற்றுக் கொள்வதே நாம் பெறும் கல்வி நம் வீட்டாருக்குச் செய்யும் முதல் உதவி என்று கருதுகிறேன்.